அம்மா அனுப்பிய பிள்ளை

“எக்ஸ்கியூஸ் மீ... நீங்க ஓட்டிட்டு வந்தது என் சைக்கிள்.”

அந்தக் குரல் தமிழில் வந்ததுதான் செரினாவுக்கு முதல் எரிச்சல். தெரிந்தவர், தெரியாதவர் யார் முகத்திலும் விழிக்கக்கூடாது என்றுதான் காலையிலேயே தெம்பனிஸிலிருந்து கிளம்பி, சாங்கியில் படகேறி, இந்த புலாவ் உபின் தீவுக்கு வந்திருந்தாள். திடீரென்று பிடித்துக்கொண்ட மழைக்கு வழியோரத்தில் ஒரு கொட்டகை கிடைத்தது. அதிலும் ஆளில்லை. அப்பாடா என்று உட்கார்ந்தால்... இதோ, சொட்டச் சொட்ட நனைந்தபடி எதிரே ஒருவன்.

“இது நான் வாடகைக்கு எடுத்தது” என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

“உங்களோடது இதோ.” அவன் தான் ஓட்டி வந்ததைக் காட்டினான். அதே நீலம், அதே துருப்பிடித்த கூடை. “செக் ஜாவா கடற்கரை வாசல்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நின்னுச்சு. நான் வெளிய வர்றேன், நீங்க பறக்கறீங்க. கூப்பிட்டேன்... இன்னும் வேகமா மிதிச்சீங்க.”

“முன்ன பின்ன தெரியாத ஆம்பள காட்டுக்குள்ள கத்திக்கிட்டே துரத்துனா, நின்னு நல்லா இருக்கீங்களான்னு கேக்கணுமா?”

அவன் சிரித்துவிட்டான். “கரெக்ட்தான். ஆனா இந்தத் தீவுல பையைத் தூக்கிட்டு ஓடுறது குரங்குங்க மட்டும்தான்னு நெனச்சிருந்தேன் லா.”

பையா? அப்போதுதான் செரினா கூடையைப் பார்த்தாள். காலையில் அவள் வைத்த தண்ணீர்ப் புட்டியைக் காணோம். அதற்குப் பதிலாக, வாய் கட்டிய ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பை. காது வரைக்கும் சூடேறியது. அவசரமாக எடுத்து நீட்டினாள். அவசரம் என்றால் எதுவும் உருப்படியாக நடக்குமா... முடிச்சு அவிழ்ந்து, உள்ளேயிருந்து ஒரு நகப்பூச்சுப் புட்டியும், கைக்கண்ணாடியும், சின்ன சென்ட் பாட்டிலும் மண்ணில் உருண்டன.

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். கிட்டத்தில் பார்த்தபோது அவனுக்கு இமைகள் அடர்த்தி என்று தெரிந்தது. மழை நீர் அவற்றில் தங்கி, அவன் கண்ணைச் சிமிட்டும்போதெல்லாம் கன்னத்தில் இறங்கியது. இதையெல்லாம் எதற்கு இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறோம் என்று தோன்றியதும் அவள் சட்டென்று நிமிர்ந்துகொண்டாள்.

“ரோஸ் கலர். உங்க கேர்ள்ஃபிரண்டுக்கு நல்ல டேஸ்ட்” என்றாள். குரலில் ஏனோ ஒரு சின்ன ஏமாற்றம் எட்டிப் பார்த்தது. இப்போதுதான் பார்த்த ஒருவனிடம் ஏமாற என்ன இருக்கிறது?

“கேர்ள்ஃபிரண்டா...” அவன் கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தான். “இது சாமிக்கு.”

செரினா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வைக்கு நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தான். 

அவன் பெயர் கபிலன். செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் எஞ்சினியர். செங்காங்கில் அம்மாவோடு இருக்கிறான். தீவின் மேற்கே, காட்டுக்குள், வெள்ளைக்காரப் பெண் ஒருத்திக்குச் சின்னதாக ஒரு கோயில் இருக்கிறதாம். முதல் உலகப் போரின்போது சிப்பாய்களுக்குப் பயந்து ஓடி, பாறை மேலிருந்து விழுந்து இறந்துபோனவள் என்று சொல்கிறார்கள். இளம்பெண் சாமி அல்லவா, கும்பிட வருகிறவர்கள் பழத்தோடு பூச்சும் கண்ணாடியும் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

“என் தங்கச்சி நிரஞ்சனா சின்ன வயசுல ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் கெடந்தா. அம்மா சிங்கப்பூர்ல ஒரு சாமியையும் விடல. யாரோ சொல்லி இங்கயும் வந்து வேண்டிக்கிட்டாங்க. அவ பொழைச்சு, படிச்சு, இப்ப மெல்பர்ன்ல வேலை பார்க்கிறா. ஆனா வருஷா வருஷம் நகப்பூச்சு மட்டும் நிக்கல. அம்மாவுக்கு இப்ப முட்டி வலி. அதனால என்னை அனுப்புறாங்க.”

“எங்க அம்மாவும் இப்படித்தான். மாதா கோயில் நொவீனா ஜெபம் ஒண்ணையும் விட மாட்டாங்க” என்றாள் செரினா. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்கு அவள் சிரிப்பாள் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

மழை விட்டதும் இருவரும் அந்தக் கோயிலுக்குப் போனார்கள். அவளை அவன் கூப்பிட்டானா, அவளாகவே கிளம்பினாளா என்று கேட்டால் இருவருக்கும் பதில் தெரியாது. மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் குடில். உள்ளே, பீடத்தில் பொன்னிறக் கூந்தலோடு ஒரு பொம்மை. சுற்றிலும் கண்ணாடிகள், சீப்புகள், உதட்டுச்சாயங்கள். ஒரு கல்யாண வீட்டில் பெண்கள் அலங்காரம் செய்துகொண்ட அறை போல இருந்தது. செரினா வாசலில் நின்று, பழக்கத்தில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். யாராக இருந்தால் என்ன, பயந்து ஓடிச் செத்துப்போன பெண்ணாயிற்றே.

“இந்த வருஷம் அம்மா என்ன கேக்கச் சொன்னாங்க?”

கபிலனின் காது சிவந்தது. “அத விடுங்க.”

“எல்லாமே அம்மா சொல்லித்தான் செய்வீங்களா?”

“ஏறக்குறைய” என்று சிரித்தான், கொஞ்சமும் கூச்சப்படாமல். அந்த வெள்ளந்திச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பதில்தான் எங்கேயோ லேசாக உறுத்தியது.

பிறகு பேச்சு செக் ஜாவாவுக்குத் திரும்பியது. கடலோரப் பாறையெல்லாம் எப்படியிருந்தது என்று அவன் கேட்க, “போனேன்... ஆனா ஒண்ணும் பார்க்கல” என்றாள்.

“பார்க்காம எப்படி?”

“கண்ணுல தண்ணியா இருந்துச்சு.”

அவன் ஏன் என்று கேட்கவில்லை. “அப்ப திரும்பப் போலாம். தண்ணி வடியற நேரம், இப்பத்தான் நல்லா தெரியும்” என்று சைக்கிளைத் திருப்பினான். தீவின் அந்தக் கோடிக்கு மறுபடியும் மிதிக்க வேண்டும். அவள் கால் வலித்தது. இருந்தும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

கடல் பின்வாங்கிச் சேறும் மணலும் மின்னிக்கொண்டிருந்தன. மரப்பாலத்துக்குக் கீழே கருங்கல் பாறைகள், ஈரம் காயாமல். சற்றுத் தள்ளி, தண்ணீருக்கு நடுவே ஒரு குட்டித் தீவு. “அதுக்குத் தவளைத் தீவுன்னு பேரு. தவளை, பன்னி, யானை மூணும் மலேசியாவோட ஜொகூர் கரைக்கு யார் மொதல்ல போறதுன்னு போட்டி போட்டுச்சாம். யாராலயும் போய்ச் சேர முடியல... பாதியிலேயே கல்லாப் போயிடுச்சுங்க” என்றான் கபிலன்.

“நானும் அப்படித்தான் லா” என்றாள் செரினா. அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை.

இன்றைக்கு ரிச்சர்டுக்குக் கல்யாணம். இவளுக்கு நிச்சயமான அதே ரிச்சர்ட். அவனுடைய அம்மா இவளைக் கோயிலில் பார்த்துப் பிடித்துப்போய்க் கேட்டார்கள். இரு வீட்டிலும் சம்மதம், கோயில் பங்கு மக்கள் எல்லோருக்கும் தெரியும், செங்காங்கில் வீட்டுக்குக்கூட விண்ணப்பித்தாகிவிட்டது. பிறகு ஒரு நாள் காப்பிக் கடையில் வைத்து அவன் சொன்னான்... ‘அம்மா சொன்னாங்கன்னுதான் சரின்னேன், செரினா.’ இன்று கட்டப்போகிறவள் அவனே பார்த்துப் பிடித்த பெண்.

“அவன் மேல கோவம்கூட இல்ல. அம்மா எடுத்துக் குடுத்த சட்டை மாதிரி இருந்திருக்கேனேன்னுதான்... போட்டும் பார்க்காம அலமாரியில வெச்ச சட்டை.”

கபிலன் தன் கைக்குட்டையை எடுத்துப் பாலத்தின் கைப்பிடி மேல் அவள் பக்கமாக வைத்தான். அதுவும் நனைந்துதான் இருந்தது. இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இனி ஒருவன் வந்தால் அவனாக வரவேண்டும். யார் சொல்லியும் வரக்கூடாது. செரினா இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பின்னால் நடந்த கூத்தெல்லாம் நடந்திருக்காது. ஆனால் பெண் மனசில் இருப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அப்புறம் கதைக்கு என்ன வேலை?

செரினா பிசியோதெரபிஸ்ட். முட்டி வலி என்று காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து, அம்மா அல்போன்சம்மாளோடு மளிகை வாங்க லிட்டில் இந்தியாவுக்கு வந்தவள், அம்மாவைக் கடையில் விட்டுவிட்டுத் தேக்கா சந்தையில், கபிலன் அழைத்துவந்த அவன் அம்மா தங்கத்தைச் சந்தித்தாள். மாடிப்படிக்குக் கீழே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, காலை எப்படி நீட்ட வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள்.

“இவ்ளோ நாளா டாக்டருங்க சொன்னது புரியல, நீ சொன்னது புரியுதும்மா” என்று தங்கம் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினார்.

அப்புறம் எந்த ஞாயிறும் தேக்கா தவறவில்லை. முதலில் தங்கத்துக்குக் கால் பயிற்சி. அதன் பிறகு அவர் காய்கறிக் கடையில் பேரம் பேசப் போய்விடுவார். இவர்கள் இருவரும் தே தாரேக் பால் தேநீரை ஆறவிட்டுப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவள் வேலை முடிந்து ரயிலில் வரும்போது அவன் செய்தி அனுப்புவான். ‘சாப்பிட்டாச்சா?’ அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் தெம்பனிஸ் நிலையம் தாண்டி பாசிர் ரிஸ் வரைக்கும் போய், அசடு வழியத் திரும்பி வந்த கதையும் உண்டு.

அவனுக்கும் அப்படித்தான் என்று அவன் கண் சொன்னது. வாய் மட்டும் சொல்லவில்லை. சொல்லட்டும்... அவனே சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மாலை வேலை முடிந்து வீடு திரும்பினால், வாசலில் புதுச் செருப்புகள். உள்ளே மேசை மேல் ஒரு பெரிய தாம்பாளம். ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை, மல்லிகைப் பூ. சோபாவில் பட்டுச் சேலையில் தங்கம். பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் கபிலன், தரையையே பார்த்துக்கொண்டு.

அவன் நினைத்தது இதுதான். ஒருத்தன் காப்பிக் கடையில் உட்காரவைத்துக் கைவிட்ட பெண் இவள். இவளிடம் போய்த் தெருவில் நின்று காதல் பேசினால் விளையாட்டு என்று நினைத்துவிடுவாள். பெரியவர்களை அழைத்துக்கொண்டு முறைப்படி வீட்டுக்குப் போய்க் கேட்பதுதான் அவளுக்கு மரியாதை. நல்ல பிள்ளைகள் செய்கிற தப்பு இப்படித்தான் இருக்கும், ரொம்ப யோசித்து, ரொம்ப மரியாதையாக.

“வாம்மா, வா” என்றார் தங்கம், தன் வீட்டில் இருப்பது போல. “நீங்க வேதக்காரங்க, நாங்க இந்து, யோசிப்பீங்கதான். ஆனா பாருங்க, இந்த வருஷம் நான் அந்தத் தீவுல வேண்டிக்கிட்டதே இவனுக்கு ஒரு நல்ல பொண்ணு கெடைக்கணும்னுதான். அன்னிக்கே இவ இவன் முன்னால வந்து நிக்கிறா. சாமி குடுத்த பொண்ணை எப்படி விடறது?”

அல்போன்சம்மாள் காப்பியை நீட்டிவிட்டுக் கணவரைப் பார்த்தார். அருளானந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டு மகளைப் பார்த்தார். செரினா கபிலனைப் பார்த்தாள்.

“உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா, கபிலன்?”

அவன் நிமிர்ந்தான். எல்லோர் கண்ணும் அவன் மேல். “அதான்... அம்மா சொல்லிட்டாங்க இல்ல” என்றான்.

ஒரு காப்பிக் கடையும் அதில் கேட்ட ஒரு வாக்கியமும் செரினாவின் காதுக்குள் திரும்ப வந்தன. உள்ளே ஏதோ ஒன்று பட்டென்று மூடிக்கொண்டது.

“அப்ப என் பதிலையும் அம்மாகிட்டயே சொல்லிடறேன்.” அவள் தங்கத்தின் பக்கம் திரும்பினாள். “வேண்டாம்மா. மன்னிச்சுக்குங்க. நான் யாரோட வேண்டுதலுக்கும் பதில் இல்ல.”

தங்கத்தின் முகம் சுருங்கியதைப் பார்க்கச் சகிக்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லிஃப்ட் வந்து நின்று, மூடி, இறங்கிப்போகிற ஓசை கேட்டது. அப்புறம்தான் அழுதாள்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த அருளானந்தம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “வேற மதம்னுதான் வேண்டாம்னியாம்மா?”

“இல்லப்பா.”

“பையனைப் புடிக்கலையா?”

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் விளக்கை அணைக்காமலே எழுந்து போனார்.

கபிலனிடமிருந்து செய்திகள் வந்தன. அவள் திறக்கவில்லை. பிறகு செய்திகளும் நின்றன. நான் கேட்டது அதுதானே என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் ரயிலில் போன் அதிர்ந்தால் மட்டும் கை தானாகப் பைக்குள் போயிற்று... யாராவது கடன் அட்டை விற்கிறவர்களாக இருப்பார்கள். கோவத்துக்குக்கூட ஆள் வேண்டியிருக்கிறது. ஆளில்லாத கோவம் துக்கமாக மாறிவிடும் போல.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவும் அப்பாவும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மாதா படத்துக்குப் பூ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று செரினா மட்டும் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக்கு வந்தாள். பூச்சரம் கட்டி வாங்குவதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டத் தொடங்கியது. நடக்கிறவர்கள் எல்லாம் கடைகளின் முன் கூரைக்குக் கீழே ஒண்டினார்கள்.

“செரினா.”

அவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இருந்தும் திரும்பினாள்.

கபிலன். இஸ்திரி போட்ட சட்டை இல்லை. எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சீருடை. ஞாயிறு பூசை முடிந்தால் அவள் இந்தப் பக்கம்தான் வருவாள் என்று தெரிந்து, ஷிஃப்ட் முடிந்து செம்பவாங்கிலிருந்து நேராக வந்திருக்கிறான். கையில் தட்டும் இல்லை, பழமும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள்... தங்கமும் இல்லை.

“அம்மா எப்படி இருக்காங்க?” என்றாள். எங்கேயாவது தொடங்கியாக வேண்டுமே.

“முட்டி பரவாயில்ல. நீங்க சொன்னதை விடாம செய்யறாங்க.” அவன் நெற்றி நீரை வழித்தான். “ஆனா உங்க பேரைச் சொல்லக்கூடாது. நம்மள வீட்டுக்குள்ள உக்கார வெச்சு அவமானப்படுத்திட்டா, அந்தப் பொண்ணு நமக்கு வேண்டாம், விட்டுடுன்னு சொல்லிட்டாங்க.”

“நியாயந்தான். அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

“அதுக்குத்தான் வந்தேன்.”

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தான். 

“சின்ன வயசுலேர்ந்து அம்மா ஒண்ணு வேண்டாம்னா எனக்கும் அது வேண்டாம்னு ஆயிடும். என்ன படிக்கிறது, எங்க வேலை... எல்லாமே. கஷ்டமாவே இருக்காது, தானா மனசு விட்டுடும். அப்பா போனப்புறம் அவங்க எங்களுக்காகப் பட்ட பாட்டுக்கு, அது சரின்னுதான் நெனச்சேன். இதுவும் அப்படிப் போயிடும்னு காத்திருந்தேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “போகல, செரினா.”

மழைச் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று அவள் தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்தாள்.

“அன்னிக்கு உங்க வீட்ல நீங்க கேட்டப்ப நான் சொல்லியிருக்கணும். வாய் வரல. இப்ப சொல்றேன். எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. பச்சை விளக்கு வந்தப்புறமும் ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் ரோட்டைத் தாண்டுறீங்க, அது புடிச்சிருக்கு. தே தாரேக்ல சக்கரை வேண்டாம்னுட்டு என்னோடதை ஒரு வாய் குடிக்கிறீங்க, அதுவும். வேண்டுதல் ஒண்ணும் இல்ல. அம்மா சரின்னு சொல்லல, வேண்டாம்னுதான் சொல்லியிருக்காங்க. இன்னிக்கு என்னை யாரும் அனுப்பல.”

செரினாவின் கையில் பூச்சரம் நசுங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தாள், அந்த வார்த்தை இப்படி எண்ணெய்க் கறையோடு வரும் என்று நினைக்கவில்லை. 

“அம்மா கடைசி வரைக்கும் ஒத்துக்கலன்னா?”

“கேட்டுக்கிட்டே இருப்பேன். அவங்களை விட்டுட்டு வர்றேன்னு சொல்ல மாட்டேன், அது பொய்யாப் போயிடும். ஆனா அவங்க சரின்னு சொன்னாத்தான் எனக்கு உங்களைப் புடிக்கும்னு இல்ல.”

அந்தப் பதில் வேறு மாதிரி இருந்திருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். கண் நிறைந்து, எதிரே சாலை மங்கலாயிற்று. 

“எனக்கும் உங்களைப் புடிக்கும்” என்றாள். “கோவமா இருந்தப்பவும் புடிச்சுது. அதனாலதான் அவ்ளோ கோவம்.”

பக்கத்தில் ஒண்டியிருந்த யாரோ ஓர் அம்மாள் சிரிப்பை மறைக்கப் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டார். செரினா கவலைப்படவில்லை. மழை கொஞ்சம் தணிந்தது போலிருந்தது. அவள் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, “செங்காங்குக்கு எந்த பஸ்?” என்று கேட்டாள்.

“எதுக்கு?”

“உங்க அம்மா மனசை நான்தானே நோகடிச்சேன். மன்னிப்பு நான்தான் கேக்கணும்.”

“அவங்க திட்டுவாங்க.”

“திட்டட்டும்” என்றாள் செரினா. “வந்து நின்னு வாங்கிக்கிறேன். என்னையும் இன்னிக்கு யாரும் அனுப்பல.”